காசியும் தென்காசியும்: காதமும் நாழிகையும்

1. வினா

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு என்னும் வினா மிக எளியதாகத் தோன்றுவது. நிலப்படத்தின்மேல் அளவுகோலை வைத்தால் விடை கிடைத்துவிடும் எனப் பலரும் கருதுவர். ஆயினும் வரலாறு பயில்வார்க்கு இவ்வினா அத்துணை எளியதன்று. அளந்தவர் யார், எதனால் அளந்தனர், எவர்பொருட்டு அளந்தனர் என்பவற்றை அறிந்த பின்னரே பழைய நூல்களில் வரும் தொலைவுகளின் பொருள் நமக்கு விளங்கும். இவ்வுண்மையைப் பொதுவகையாற் கூறிச் செல்வதினும், இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு ஆராய்தல் பயனுடைத்து. கங்கைக் கரையிலுள்ள காசியும் சிற்றாற்றங்கரையிலுள்ள தென்காசியுமே நாம் எடுத்துக்கொண்ட இரண்டு ஊர்கள்.

இவற்றைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. தென்காசி என்னும் பெயரே ஒரு தொலைவினை உள்ளடக்கியது. வடக்கே ஒரு காசி உண்டு, அது மிகத் தொலைவில் உள்ளது, ஆதலின் தெற்கே மற்றொன்று வேண்டும் என்னும் மூன்று கருத்துகளும் அப்பெயரில் அடங்கியுள்ளன. தொலைவு என்பதைத் தன் தோற்றத்திற்கே காரணமாகக் கொண்ட ஊர் என இதனைக் கூறலாம்.

நம் ஆராய்ச்சிக்குச் சிறியதோர் அளவுகோலும் தேவை. தென்காசிக்கு மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அஃதாவது 3 மைலுக்குச் சற்று மிகுந்த தொலைவில், குற்றாலம் உள்ளது. அந்த வழி பன்னூறு ஆண்டுகளாக அடியார்களும் அருவியாடுவோரும் நடந்து பழகிய வழி. காலால் நடப்பவர்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இச்சிறு வழியை அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு காசிக்குச் செல்லும் நெடுவழியை அளந்து பார்ப்போம்.

2. காதமும் நாழிகை வழியும்

தமிழர் நெடுந்தொலைவைக் காதம் என்னும் அளவாற் குறித்தனர் என்பது யாவரும் அறிந்தது. அக்காதம் எத்துணை நீளமுடையது என்பதில்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கணக்கதிகார மரபில் வழங்கும் வாய்பாட்டின்படி நான்கு முழம் ஒரு கோல். ஐந்நூறு கோல் ஒரு கூப்பீடு. நான்கு கூப்பீடு ஒரு காதம். முழம் ஒன்றரை அடி எனக் கொண்டால் காதம் 12,000 அடியாகும். அஃது இரண்டேகால் மைலுக்குச் சிறிது மிகுதி. கிலோமீட்டராயின் ஏறத்தாழ 3.66. அகராதிகளோ காதம் என்பது ஏறத்தாழப் பத்து மைல் என்றும், ஏழு அல்லது ஏழரை நாழிகை வழி என்றும் பொருள் உரைக்கின்றன.

இவ்விரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று நான்கு மடங்குக்குமேல் வேறுபடுகின்றன. நம் சிறு வழியின்மேல் இவற்றை வைத்துப் பார்த்தால் வேறுபாடு நன்கு புலப்படும். தென்காசியிலிருந்து குற்றாலம் முதற் கணக்கின்படி ஒன்றேகாற் காதத்திற்கும் மிகுதி. இரண்டாங் கணக்கின்படி மூன்றிலொரு காதமும் நிரம்பாது. அதே வழி, அதே நடை. எண்கள் மட்டும் இவ்வாறு மாறுகின்றன.

இவற்றுள் ஒன்று பிழை, மற்றொன்று சரி எனத் துணிந்துவிடுதல் எளிது. அங்ஙனம் துணிதல் பொருந்தாது என்பதே நம் கருத்து. இரண்டு அளவுகளும் வெவ்வேறு தேவைகளிற் பிறந்தவை. முழமும் கோலும் நிலத்தை அளப்பவை. வயலின் எல்லையையும் மனையின் பரப்பையும் அளந்து பழகிய கணக்கர் அவ்வளவுகளை மேலும் மேலும் பெருக்கிக் காதத்தை அடைந்தனர். வழிப்போக்கனோ கோல் கொண்டு செல்வதில்லை. அவனிடம் இருப்பன கால்களும் கதிரவனுமே. காலைப் பொழுதில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் எவ்வளவு நடந்தான் என்பதே அவன் அறிந்த அளவு.

நாழிகை வழி என்னும் தொடர் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. நாழிகை என்பது காலத்தின் அளவு. அறுபது நாழிகை கொண்டது ஒரு நாள். ஆகவே ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடங்கள். அந்தக் காலத்துள் ஒருவன் நடக்கும் நிலமே நாழிகை வழி. ஏழரை நாழிகை சரியாக மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்திற் பத்து மைல் நடப்பவன் விரைந்து நடப்பவன். பழகிய கால்களுக்கு அது முடியாத நடையன்று. எனவே அகராதிகள் கூறும் பத்து மைற் காதம் நிலத்தின் அளவாகப் பிறந்ததன்று. நடையின் அளவாகப் பிறந்து, பின்னர் மைலாற் பெயர்த்து உரைக்கப்பட்டது எனக் கொள்ளுதல் தகும். நடையோ ஆளுக்கு ஆள் வேறுபடும். மேட்டிலும் பள்ளத்திலும் மணலிலும் வேறுபடும். அதனால் காதமும் வேறுபட்டது.

3. இலக்கியமும் கல்லும்

இக்கருத்துக்குச் சிலப்பதிகாரம் சிறந்த சான்று தருகின்றது. நாடுகாண் காதையில், புகாரைக் கடந்து வந்த கண்ணகி மதுரை எவ்விடத்தது எனக் கேட்கின்றாள். முப்பது காதம் எனக் கோவலன் விடையிறுக்கின்றான். அங்ஙனம் கூறுபவன் அஃது அண்மையதே என்றும் உரைத்து நகைக்கின்றான். எண் ஒன்றைக் கூறுகின்றது. அவன் சொல் வேறொன்றைக் கூறுகின்றது. அவ்விரண்டிற்கும் இடையே கிடப்பது அவர்தம் துயரம் என்பதைப் பயில்வார் உணர்வர்.

இம்முப்பது காதத்தை நிலத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். பூம்புகாரிலிருந்து காவிரிக்கரை வழியாகத் திருவரங்கம், உறையூர் சென்று, கொடும்பாளூரைக் கடந்து மதுரையை அடையும் வழி இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 180 மைல். கணக்கதிகாரக் காதத்தைக் கொண்டால் முப்பது காதம் 70 மைலையும் எட்டாது. பாதி வழிதானும் ஆகாது. அகராதியின் காதத்தைக் கொண்டால் 300 மைலாகி மதுரையைக் கடந்து நெடுந்தொலைவு சென்றுவிடும். வழிக்கும் எண்ணுக்கும் பொருத்தம் வேண்டுமாயின் காதம் ஏறத்தாழ ஆறு மைலாதல் வேண்டும். முன்னர்க் கூறிய இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட மூன்றாவது அளவு இது.

இளங்கோவடிகள் இதற்கொரு விளக்கத்தையும் அக்காதையிலேயே வைத்துள்ளார். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் ஒரு நாளில் ஒரு காதத்திற்கு மேல் நடவாது, பல நாள் தங்கித் தங்கிச் சென்றனர் என அவர் கூறுகின்றார். நடந்து பழகாத மெல்லடிகளுக்கு ஒரு காதம் ஒரு நாள். நடந்து பழகிய வணிகச் சாத்தினர்க்கு அஃது அரை நாளாக இருந்திருக்கலாம். ஆகவே பழைய இலக்கியத்தில் காதம் என வருமிடமெல்லாம் ஒரே மைற்கணக்கால் பெருக்கிப் பொருள் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறியாகாது. அவ்வவ்விடத்து வழியையும் நடந்தவரையும் நோக்கியே அளவு துணிதல் வேண்டும்.

இதற்கு மாறாக, காதம் ஓரளவு நிலைபெற்ற அளவாகவும் வழங்கியமையைக் கல்லிற் காண்கின்றோம். தருமபுரிப் பகுதியிற் கிடைத்த, கி.பி. 13ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியுடைய காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு 29 காதம் உள்ளது என அறிவிக்கின்றது. அக்கல்லில் எழுத்தும் எண்ணும் மட்டுமின்றிக் குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெருங்குழி இரண்டு, சிறுகுழி ஒன்பது. பெருங்குழி பத்தையும் சிறுகுழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கனும் இரவில் வருபவனும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளக்கூடிய அமைப்பு இது. கல் நட்டவர் எவர்பொருட்டு அளந்தனர் என்பது இதனால் இனிது விளங்கும். வழியைப் பயன்படுத்துவோன் எவனாயினும் அவனுக்குத் தொலைவு தெரிதல் வேண்டும் என்னும் எண்ணம் அக்குழிகளில் உறைந்துள்ளது.

4. தென்காசியின் தோற்றம்

இனி நம் இரண்டு ஊர்களுக்கு வருவோம். தென்காசியில் விசுவநாதர் கோயிலை எடுப்பித்தவன் பிற்காலப் பாண்டியருள் ஒருவனாகிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன். கோயிற் பணி கி.பி. 1446இல் தொடங்கிற்று. கோபுரப் பணி 1457இல் தொடங்கி அவனுக்குப் பின் வந்த குலசேகர பாண்டியன் காலத்தில் நிறைவுற்றது.

இக்கோயில் எழுந்தமைக்குரிய காரணம் இருவகையாகக் கூறப்படுகின்றது. வடகாசியிலுள்ள கோயில் பழுதுற்றமையால் தெற்கே சிற்றாற்றின் கரையில் கோயில் எடுக்குமாறு இறைவன் மன்னன் கனவில் தோன்றிப் பணித்தான் என்பது ஒன்று. தென்னாட்டு அடியார் காசி செல்லும் வழியிலேயே உயிர்நீத்தலால், அவர் பொருட்டு இங்கே கோயில் எடுக்குமாறு பணித்தான் என்பது மற்றொன்று. முதலாவதில் தொலைவு பற்றிய பேச்சில்லை; இரண்டாவதில் தொலைவே பேச்சு. ஆயினும் இரண்டையும் ஒருங்கே நோக்கின், காசி தென்னாட்டார்க்கு எட்டாததாயிற்று என்னும் ஒரே செய்தியையே இரண்டும் உரைக்கின்றன எனலாம். ஒன்று சென்று சேரும் இடத்தின் நிலையைக் கூறிற்று. மற்றொன்று செல்லும் வழியின் நிலையைக் கூறிற்று.

அக்கால அரசியல் நிலையும் இதற்குத் துணை செய்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சிற்றாற்றங்கரையிலிருந்து கங்கைக்கரைக்குச் செல்வோர் விசயநகர ஆட்சியைக் கடந்து, அதனோடு அடிக்கடி போரிட்ட பாமினி ஆட்சியைக் கடந்து, நடு இந்தியக் காடுகளையும் கடந்து, சவுன்பூர் சுல்தான்களின் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலே காசியை அடைதல் வேண்டும். காவிரி, துங்கபத்திரை, கிருட்டிணை, கோதாவரி, நருமதை ஆகிய பேராறுகள் குறுக்கிட்டன. மழைக்காலத்தில் ஓராற்றின் கரையில் ஒரு திங்கள் தங்க நேரினும் வியப்பில்லை. படைகள் நடமாடும் ஆண்டில் வழியே இல்லாதொழிதலும் உண்டு. நிலத்தின் நீளம் ஆண்டுதோறும் ஒன்றேயாயினும் வழியின் நீளம் ஆண்டுதோறும் மாறிற்று.

இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. அருகிலேயே குற்றாலம் இருந்தது. திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற தலமாகிய அது, தென்காசிக் கோயில் எழுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சிறப்புற்று விளங்கியது. காசிக்குச் செல்ல இயலாதாரைக் குற்றாலத்திற்குச் செல்லுமாறு மன்னன் கூறியிருக்கலாமன்றோ? அவ்வாறு கூறாமல், ஒரு மணி நேர நடைத்தொலைவில் புதியதோர் ஊரும் கோயிலும் அமைத்துக் காசி எனப் பெயரிட்டான். காரணம் வெளிப்படை. குற்றாலம் குற்றாலமே, அது காசிக்கு மாற்றாக வேண்டுவதில்லை. காசியை நோக்கிப் புறப்பட்டவனுக்கு வேண்டியது காசியே. வழியைச் சுருக்க மன்னனால் இயலாது; ஆகவே ஊரைக் கொண்டுவந்தான்.

கல்லால் அமைந்த காசிக்குப் பின்னர்ச் சொல்லால் அமைந்த காசியும் தென்காசிக்கு வந்தது. தென்காசிப் பாண்டியருள் புலமை மிக்கவனாகிய அதிவீரராம பாண்டியன் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசிகாண்டத்தைத் தமிழிற் பாடினான். நைடதம் பாடிய அப்புலவனே காசியின் பெருமையையும் தமிழாக்கினான். காசியை ஒருநாளும் காண இயலாத ஒருவன் தென்காசியில் இருந்துகொண்டே காசிநாதனை வழிபடவும் காசியின் புகழைத் தன் மொழியிற் கேட்கவும் இதனால் இயன்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டு செயல்களையும் ஒரே நோக்கின் இரு கூறுகளாகக் கொள்ளுதல் தவறாகாது.

5. நடந்து சென்றோர்

தொலைவின் உண்மையை அறியச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். காசியிலிருந்து கன்னியாகுமரிவரை சென்ற பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையின் நீளம் 2,369 கிலோமீட்டர். 2010இல் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது அப்பெயர் மறைந்தது, சாலை மறையவில்லை. சபல்பூர், நாகபுரி, ஐதராபாது, பெங்களூர், தருமபுரி, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலியை அது அடைந்தது. காதக்கல் கண்ட தருமபுரி அந்நெடுஞ்சாலையிலேயே இருந்தது என்பது நினைக்கத்தக்கது. திருநெல்வேலியிலிருந்து மேற்கே பிரிந்து தென்காசிக்கு வருவதாகக் கொண்டால் காசிக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட வழி ஏறத்தாழ 2,340 கிலோமீட்டர், அல்லது 1,450 மைல்.

இதனைக் கணக்கதிகாரக் காதத்தாற் கூறின் 640 காதம். சிலப்பதிகார வழியாற் பெற்ற காதத்தாற் கூறின் ஏறத்தாழ 240. அகராதிக் காதத்தாற் கூறின் 145. நாளொன்றுக்குப் பத்து மைல் நடப்பவன் ஒரு நாளும் ஓயாது நடந்தால் காசியை அடைய ஐந்து திங்கள் ஆகும். மீண்டு வர மேலும் ஐந்து திங்கள். நோயும் மழையும் ஆற்று வெள்ளமும் சேரின் ஓராண்டும் போதாது. உழுது உண்பவனும் கூலி பெற்று உண்பவனும் ஓராண்டு தன் தொழிலை விட்டுச் செல்லுதல் எங்ஙனம் இயலும்? ஆகவே காசியின் தொலைவு காலால் அளக்கப்பட்டதோடு பொருளாலும் அளக்கப்பட்டது.

நடந்து சென்றாருள் தாமிரவருணிக் கரையினர் தலையாயவர் ஒருவர் உண்டு. சீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டிற் காசி சென்று அங்கே மடம் நிறுவினார். பின்னர்த் திருப்பனந்தாளில் அமைந்த காசிமடம் அம்மரபில் வந்ததே. நெடுவழியின் மறுமுனையில் தமிழர்க்குத் தங்குமிடம் உண்டு என்னும் உறுதி வழியின் அச்சத்தை ஓரளவு குறைத்திருத்தல் வேண்டும்.

வழிநடையின் காலத்தை நாள்வாரியாக அறிய உதவுவது ஏனுகுல வீராசாமி என்பார் தெலுங்கில் எழுதிய காசியாத்திரை நூல். சென்னையில் அக்காலத்திருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர், 1830 மே 18ஆம் நாள் சென்னையினின்று புறப்பட்டார்; 1831 செப்டம்பர் 3ஆம் நாள் திரும்பினார். இடையிற் சென்ற காலம் பதினைந்தரைத் திங்கள். பல்லக்கும் ஏவலரும் உடன்வந்த பெருங்கூட்டமும் உடையவர்க்கே இத்துணைக் காலம் ஆயிற்று. தென்காசியிலிருந்து புறப்படுவோன் சென்னையை எட்டுவதற்கே நானூறு மைல் நடத்தல் வேண்டும் என்பதையும் கருதுக.

காசிப் பயணம் திரும்பி வருதல் உறுதியில்லாத பயணம் என்பதை நம் வழக்காறுகளும் காட்டுகின்றன. அந்தணர் திருமணச் சடங்கில் மணமகன் குடையும் தடியும் கைக்கொண்டு காசிக்குப் புறப்படுவதும், பெண்ணைப் பெற்றவர் அவனை வழிமறித்து அழைத்து வருவதும் இன்றும் நிகழக் காண்கின்றோம். காசிக்குப் புறப்படுதல் என்பது இல்வாழ்க்கையைத் துறத்தலுக்கு ஒப்பாக இங்கே கருதப்பட்டது. புறப்பட்டவனை வாயிலிலேயே தடுத்து, இங்கேயே வாழ் என்று கூறும் அச்சடங்குக்கும், வழியில் இறவாதே, இங்கேயே வழிபடு என்று கூறிய பாண்டியன் செயலுக்கும் உள்ள ஒற்றுமை நோக்கத்தக்கது.

6. இருப்புப்பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறிற்று. 1870இல் பம்பாயும் கல்கத்தாவும் சபல்பூர் வழியாக இருப்புப்பாதையால் இணைந்தன. 1871இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இராய்ச்சூரில் இணைந்தன. 1876இல் திருநெல்வேலிக்குப் பாதை வந்தது. 1887இல் காசியிலே கங்கையின்மேல் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. இங்ஙனம் பதினேழு ஆண்டுகளுக்குள் ஐந்து திங்கள் வழி ஒருசில நாள் வழியாகச் சுருங்கிற்று.

சுருங்கியது திருநெல்வேலிக்கேயன்றித் தென்காசிக்கு அன்று. தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மணிக்கு இரண்டு மைல் செல்லும் மாட்டுவண்டிக்கு அது பதினேழு மணி நேர வழி. காசிக்குச் செல்லும் நெடுவழியுடன் ஒப்பிடின் நாற்பதில் ஒரு பங்குமில்லை. ஆயினும் நெடுவழி சுருங்கச் சுருங்க இக்குறுவழியே பெரிதாகத் தோன்றலாயிற்று. 1898இல் பாரதியார் தந்தையை இழந்து காசியிலிருந்த அத்தை வீட்டிற்குச் சென்றார். திருநெல்வேலியில் அப்போது புகைவண்டி இருந்தது. தென்காசியிலும், அவர்தம் மனைவியார் ஊராகிய அருகிலுள்ள கடையத்திலும் இல்லை. சில ஆண்டுக்குப் பின்னரே, 1903இல், திருநெல்வேலிப் பாதை தென்காசியைக் கடந்து செங்கோட்டையை எட்டிற்று. 1904இல் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைப் பாலங்களாற் கடந்தும் அது கொல்லம்வரை சென்றது. 1927இல் விருதுநகர்ப் பாதையும் தென்காசியில் வந்து கூடிற்று.

இவ்வாறு வந்த பாதை மீட்டர் அகலத்தது. வடநாட்டிற்குச் செல்லும் பாதை அதனினும் அகன்றது. ஆகவே தென்காசியில் ஏறியவர் சென்னையில் இறங்கி, ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்கு மூட்டை முடிச்சுகளுடன் சென்று, வேறு வண்டி ஏறுதல் வேண்டியிருந்தது. விருதுநகர்ப் பாதை 2004இலும், திருநெல்வேலிப் பாதை 2012இலும், செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை 2018இலும் அகலமாக்கப்பட்டு இயங்கலாயின. அகலப்பாதை வந்த பின்னரும் காசிக்குப் புகைவண்டியில் இரண்டு நாளுக்கு மேல் ஆகின்றது.

7. வான்வழி

1932 அக்டோபர் 15ஆம் நாள் சே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் செலுத்தினார். அவ்வஞ்சல் பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் சென்றது. 1935இல் பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. தென்காசிக்கு மேற்கேயுள்ள மலைத்தொடரின் மறுபுறத்தில், நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், வான்வழி அன்றே வந்துவிட்டது.

பறப்பவர்க்கு ஆறும் காடும் இல்லை, வளைவும் இல்லை. தென்காசிக்கும் காசிக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். சாலை வழியினும் 400 கிலோமீட்டருக்கு மேற் குறைவு. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானம் இதனை இரண்டு மணி இருபத்துநான்கு நிமிட அளவிற் கடக்கும். நம் பழங்கணக்கில் அது சரியாக ஆறு நாழிகை. எழும்புதற்கும் இறங்குதற்கும் ஆகும் காலத்தைச் சேர்ப்பின் மூன்று மணி நேரம், அஃதாவது ஏழரை நாழிகை. ஏழரை நாழிகை வழியே காதம் என முன்னர்க் கண்டோம். ஆகவே கால அளவையாகிய பழைய முறையைக் கொண்டு பார்ப்பின், காசி இன்று தென்காசிக்கு ஒரு காத வழியில் உள்ளது. தென்காசியிலிருந்து குற்றாலம் சென்று, மீண்டு வந்து, மறுபடியும் ஒருமுறை குற்றாலம் செல்லுகின்ற நேரமே அது.

இக்காலத்தார் இரண்டு நகரங்களின் தொலைவைக் கூறும்போது இத்தனை மணி நேரப் பறப்பு என்று கூறுகின்றனர். இதனைப் புதுவழக்கு எனக் கருதுவோர் உளர். நாழிகை வழி என்று கூறிய முன்னோர் வழக்கே வேறு வடிவில் மீண்டும் வந்துள்ளது என்பது இதனால் அறியப்படும். இடையிலே மைற்கல்லும் நிலப்படமும் ஆட்சி செய்த காலத்திலேதான் தொலைவு காலத்தினின்றும் பிரிந்து நின்றது.

ஆயினும் இந்த ஒரு காதம் கணக்கில் உள்ளதேயன்றி வழக்கில் உள்ளதன்று. தென்காசியில் விமான நிலையம் இல்லை. 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகரான பின்னரும் திருவனந்தபுரத்திற்கோ தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ சென்றே விமானம் ஏறுதல் வேண்டும். எங்குச் சென்றாலும் இரண்டு முதல் மூன்றரை மணி நேரம் தரைவழியிற் கழியும். நிலையத்திற் காத்திருக்கும் நேரமும், இடையிலே வேறு நகரில் விமானம் மாறும் நேரமும் சேரின் ஒரு பகல் முழுதும் சென்றுவிடும். 1880ஆம் ஆண்டினன் ஒருவன் திருநெல்வேலிவரை மாட்டுவண்டியிற் சென்றது போலவே இன்றையவனும் நெடுவழியின் வாயிலைத் தேடிக் குறுவழியிற் காலம் கழிக்கின்றான். விரைவு மிகுந்தோறும் வாயிலின் தொலைவே பயணத்தின் பெரும்பகுதியாகின்றது.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. காதம் என்பது ஒரே நிலையான நீள அளவையன்று. நிலத்தை அளந்த கணக்கரின் காதமும், வழியை அளந்த நடையரின் காதமும் வேறு வேறு. ஆதலின் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் காணும் காதத்தை மைலாகப் பெயர்ப்போர் இடம் நோக்கிப் பெயர்த்தல் வேண்டும். தொலைவின் வரலாறு நீளத்தின் வரலாறாகாது. அது காலமும் பொருளும் உடல்வலியும் அரசியலும் சேர்ந்த வரலாறு.

மற்றொன்றும் உண்டு. தொலைவு எல்லார்க்கும் ஒருபோலக் குறைவதில்லை. காசி ஐந்து திங்கள் வழியிலிருந்து ஒரு பகல் வழியாகச் சுருங்கியது உண்மையே. அப்பகலுக்குரிய பொருளைத் தேட இயலாத முதியவர்க்கும், நோயுற்றவர்க்கும், நாட்கூலியை விட்டுச் செல்ல இயலாதவர்க்கும் காசி இன்றும் 640 காதத்திலேயே உள்ளது. ஓர் ஊரின் தொலைவைச் சென்று சேர்ந்தவர்களின் நூல்களைக் கொண்டே நாம் எழுதி வருகின்றோம். செல்ல இயலாது நின்றவர் நூல் எழுதுவதில்லை. அவர்களுக்காக எழுந்த சான்று தென்காசிக் கோயில் ஒன்றே எனினும் மிகையாகாது.

பராக்கிரம பாண்டியன் தொடங்கிய அக்கோபுரம் இடையிற் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்று, 1990இல் மீண்டும் எழுந்தது. குற்றாலச் சாரல் வீசும் ஆடித் திங்களில், அருவியாடித் திரும்புவோர் ஒரு மணி நேர வழியை நடந்தோ ஊர்தியிலோ கடந்து அக்கோபுரத்தின் கீழ் வந்து நிற்கின்றனர். அவருட் பலர் காசியைக் கண்டவரல்லர், காணப்போகின்றவருமல்லர். காசி எவ்வளவு தொலைவு என அவர்களைக் கேட்பின், இதோ இருக்கின்றதே என்பர். அவ்விடையைத் தொலைவறியாதார் கூற்று எனத் தள்ளிவிடாது, ஐந்நூற்றெழுபது ஆண்டுகட்கு மேற்பட்ட ஓர் அளவுமுறையின் எச்சமாகக் கொண்டு ஆராய்தல் நம் கடன்.